பொருந்தும் உறுப்புகள்

ஒரு மாணவன் தன் சிறு சேமிப்பைக் கொண்டு முதன்முதலாகத் தானே ஒரு கணிப்பொறியை அமைத்துக்கொள்ளத் துணிகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் வாங்கும் செயலி ஒரு நிறுவனத்தார் செய்தது. அச்செயலியைத் தாங்கும் தாய்ப்பலகை, கடைத்தெருவில் மதர்போர்டு என்று வழங்குவது, மற்றொருவர் செய்தது. நினைவகத்தை மூன்றாமவர் செய்தார். வீட்டு மின்சாரத்தைத் தாழ்த்திப் பதப்படுத்தித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நான்காமவர் செய்தார். இந்நால்வரும் வேறு வேறு நாட்டினராக இருக்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிருக்க வேண்டுவதில்லை. எனினும், அவர்கள் செய்த உறுப்புகளை அம்மாணவன் ஒரு திருப்புளியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதில் ஒன்றாக இணைத்துவிடுகிறான். பொறியும் இயங்கத் தொடங்குகிறது.

இதனை இயல்பான செய்தி என்று நாம் எண்ணிவிடுகிறோம். நான்கு ஊர்த் தச்சர்கள் தனித்தனியே செய்த நிலை, கதவு, கீல், தாழ்ப்பாள் ஆகியவை ஒரு வீட்டில் பிசகின்றிப் பொருந்துமானால் நாம் வியப்படைய மாட்டோமா? கணிப்பொறி உறுப்புகளின் பொருத்தமும் அத்தகைய வியப்புக்குரியதே. அது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் போட்டியாலும் வழக்குகளாலும் உடன்பாடுகளாலும், சில வேளைகளில் அவசரத்தாலும் உண்டானது. அப்பொருத்தம் எந்த இடங்களில் முழுமை பெறாமல் நின்றதோ, அந்த இடங்களில்தான் இன்றும் மாணவனின் பணம் வீணாகிறது. மூத்த அண்ணன் வெளியூரிலிருந்து மிச்சம் பிடித்து அனுப்பிய பணமாக அது இருக்கக்கூடும். ஆகவே இவ்வரலாற்றைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

கணிப்பொறிகள் பெரிய அறைகளை நிறைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பொறியின் எல்லா உறுப்புகளையும் ஒரே நிறுவனத்தாரிடமே வாங்குவது வழக்கமாக இருந்தது. அந்நாளில் ஒரே நிறுவனத்தின் இரண்டு பொறிகளே ஒன்றுக்கொன்று பொருந்தா. 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்டம் 360’ என்ற பொறிக் குடும்பத்தை அறிவித்தது. சிறிய பொறிக்கு எழுதிய நிரல் பெரிய பொறியிலும் ஓடும் என்பது அதன் சிறப்பு. பொருத்தம் என்னும் கருத்து வணிகப் பொருளாக மாறியது அப்போதுதான். ஆனால் அவை தனி மனிதர் வாங்கத்தக்க பொறிகள் அல்ல; நம் கதை அவற்றிலிருந்து தொடங்கவில்லை.

நம் கதை 1975ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தொடங்குகிறது. ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ என்னும் அமெரிக்க இதழின் அட்டையில் நீல நிறப் பெட்டி ஒன்றின் படம் வெளிவந்தது. அதன் பெயர் ஆல்ட்டேர் 8800. நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகெர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் என்பவர் நடத்திவந்த மிட்ஸ் என்ற சிறு நிறுவனம் அதனை உறுப்புகளாகவே பிரித்து விற்றது. வாங்கியவர் தாமே பற்றவைத்து இணைத்துக்கொள்ள வேண்டும். விலை 397 டாலர். அதனுள் இருந்த இன்ட்டெல் 8080 என்னும் செயலியை மட்டும் தனியே வாங்கினால் பட்டியல் விலை 360 டாலர். இக்கணக்கைப் பார்த்தவர்கள் மிட்ஸ் நிறுவனத்தின் மேல் மழைபோல் பணத்தைப் பொழிந்ததில் வியப்பில்லை.

பெட்டி வந்து சேர்ந்தது. அதைக்கொண்டு என்ன செய்வது? தட்டச்சுப் பலகையும் இல்லை, திரையும் இல்லை. முகப்பில் வரிசையாகச் சிறு விசைகளும் விளக்குகளும் மட்டுமே இருந்தன. நினைவகம் 256 பைட்டு. ஒரு சிறு கடிதத்தின் முதற்பத்திகூட அதற்குள் அடங்காது. ஆனால் ராபர்ட்ஸ் ஓர் அரிய ஏற்பாட்டைச் செய்திருந்தார். பெட்டியின் அடியில் 100 மின்தொடர்புகள் கொண்ட ஒரு பொதுவழியை அமைத்து, அதில் வேண்டிய பலகைகளைச் செருகிக்கொள்ளலாம் என்று வகுத்திருந்தார். நினைவகம் வேண்டுமா? ஒரு பலகையைச் செருகுக. தட்டச்சுப் பொறியை இணைக்க வேண்டுமா? இன்னொரு பலகையைச் செருகுக.

இந்த ஏற்பாட்டின் பயன் மிட்ஸ் நிறுவனத்தைக் காட்டிலும் பிறருக்கே மிகுதியாகக் கிட்டியது. மிட்ஸ் விற்ற நினைவகப் பலகைகள் பலவும் சரிவர இயங்கவில்லை. கலிபோர்னியாவில் பாப் மார்ஷ் என்பவர் ‘பிராசசர் டெக்னாலஜி’ என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், அதே 100 தொடர்புகளுக்குப் பொருந்துமாறு, நம்பத்தக்க நினைவகப் பலகைகளைச் செய்து விற்றது. மக்கள் அவற்றையே நாடினர். மிட்ஸ் சும்மா இருக்கவில்லை. பேசிக் மொழியைத் தனியே வாங்கினால் மிகுந்த விலை. தன் நினைவகப் பலகையோடு சேர்த்து வாங்கினால் குறைந்த விலை என்று வைத்தது. நல்ல பொருளை விற்கத் தெரியாதவர் கெட்ட பொருளை நல்ல பொருளின் காலில் கட்டிவிடுகிறார்! இவ்வழக்கம் இன்றும் கடைகளில் மறையவில்லை என்பதை ஈண்டுக் குறிப்பிட்டுவிட்டு மேற்செல்கிறேன்.

1975ஆம் ஆண்டு முடிவதற்குள் இம்சாய் என்ற நிறுவனம் ஆல்ட்டேருக்குப் போட்டியாக, அதே பொதுவழியைக் கொண்ட முழுப் பொறியையே செய்துவிட்டது. பின்னர்க் குரோமெம்கோ நிறுவனத்தை நிறுவிய ஹாரி கார்லண்டு, ரோஜர் மெலன் இருவரும், ‘ஆல்ட்டேர் பொதுவழி’ என்று ஒரு போட்டியாளரின் பெயரால் வழங்குவதை விடுத்து, ‘எஸ்-100’ என்ற பொதுப் பெயரை வழங்கினர். அன்றுமுதல் அது யாருக்கும் தனியுரிமை இல்லாத பொருளாயிற்று. வீட்டுக்குள் இருந்த கிணறு தெருக்கிணறு ஆனதுபோல் என்று சொல்லலாம்.

ஆனால் தெருக்கிணற்றிலும் குறை இருந்தது. அவசரத்தில் வகுக்கப்பட்ட பொதுவழி ஆகையால், முதல் தொடர்பில் 8 வோல்ட்டும் அதற்கு அடுத்த தொடர்பிலேயே 16 வோல்ட்டும் ஓடின. பலகையைச் சற்றுக் கோணலாகச் செருகினாலோ, மின்சாரம் ஓடும்போதே பிடுங்கினாலோ இரண்டும் தொட்டுக்கொள்ளும், பலகை கருகும். மேலும், மிட்ஸ் வெற்றிடமாக விட்டிருந்த தொடர்புகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி பயன்படுத்தியது. ஆகவே இரண்டு பலகைகள், தனித்தனியே பழுதற்றவையாக இருந்தும், ஒரே பெட்டியில் சேர்ந்து வாழ மறுத்தன. இக்குழப்பத்தைத் தீர்க்க மின்பொறியியலாரின் சங்கமான ஐ.இ.இ.இ. ஒரு தரவரையறையை வெளியிட்டது, எண் 696, ஆண்டு 1983. அதற்குள் உலகம் வேறு திசையில் சென்றுவிட்டது. காலம் கடந்து வந்த வரையறை, திருமணம் முடிந்த பின் பார்த்த சாதகம் போன்றது.

இதே ஆண்டுகளில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியை மாணவர்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். மோட்டரோலா நிறுவனத்தில் 6800 என்னும் செயலியை வடிவமைத்த குழுவினரில் சிலர், சக் பெடில் என்பவர் தலைமையில், அங்கிருந்து விலகி மாஸ் டெக்னாலஜி என்ற நிறுவனத்தில் சேர்ந்தனர். 1975இல் அவர்கள் 6501, 6502 என இரண்டு செயலிகளை வெளிக்கொணர்ந்தனர். இவற்றுள் 6501இன் கால்கள் மோட்டரோலா 6800இன் குழியில் அப்படியே பொருந்தும். பொருந்தினால் என்ன? 6800க்கு எழுதிய நிரல் ஒன்றும் அதில் ஓடாது; ஏனெனில் இரண்டும் அறிந்த கட்டளைகள் வேறு. குழியில் பொருந்துவது வேறு, பேச்சு விளங்குவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மோட்டரோலா வழக்குத் தொடுத்தது. 1976இல் உடன்பாடு ஏற்பட்டு, மாஸ் டெக்னாலஜி 2 இலட்சம் டாலர் செலுத்தியதோடு 6501ஐக் கைவிட்டது. குழி மாறிய 6502 மட்டும் தப்பிப் பிழைத்தது.

அந்த 6502இன் விலை 25 டாலர். கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கார்டன் பிரெஞ்சு என்பவரின் வண்டிக் கொட்டகையில் 1975 மார்ச் 5ஆம் நாள் முதன்முறையாகக் கூடிய ‘ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்’ என்னும் ஆர்வலர் சங்கத்தில் ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற இளைஞரும் இருந்தார். விலை மலிவாக இருந்த காரணத்தால் அவர் 6502ஐத் தேர்ந்தெடுத்து ஒரு பலகையை அமைத்தார். 1976இல் 666 டாலர் 66 சென்ட் விலைக்கு விற்கப்பட்ட ஆப்பிள் 1 அதுவே. பலகை மட்டுந்தான் கிடைக்கும். பெட்டி, மின்மாற்றி, தட்டச்சுப் பலகை, திரை ஆகியவற்றை வாங்குபவரே தேடிப் பொருத்திக்கொள்ள வேண்டும். குறைந்த பணத்தை வைத்துக்கொண்டு உறுப்பு உறுப்பாகத் தேடும் இன்றைய மாணவன், தான் ஒரு புதிய தொல்லையில் அகப்பட்டதாக எண்ண வேண்டுவதில்லை. இதே 6502 செயலியைக் கொண்ட பி.பி.சி. மைக்ரோ என்னும் பிரிட்டானியப் பொறிகள்தாம், நம் நாட்டில் 1984இல் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தின் வாயிலாக நம் மாணவர் சிலருக்கு முதலில் அறிமுகமாயின.

இனி ஐ.பி.எம். நிறுவனத்திற்கு வருவோம். 1981 ஆகஸ்டு 12ஆம் நாள் அது தன் முதல் தனியாள் கணிப்பொறியை அறிவித்தது. 5150 என்பது அதன் எண். தொடக்க விலை 1,565 டாலர். இப்பெருநிறுவனம் தன் உறுப்புகளைத் தானே செய்துகொள்ளும் பழக்கமுடையது. ஆனால் புளோரிடா மாநிலத்தில் இப்பொறியை உருவாக்கிய டான் எஸ்ட்ரிட்ஜ் குழுவினருக்குக் கொடுக்கப்பட்ட காலம் ஏறத்தாழ ஓராண்டே. எனவே அவர்கள் கடையில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே பொறியை அமைத்தனர். செயலி இன்ட்டெல் 8088. இது உள்ளே 16 பிட்டுகளாகக் கணக்கிட்டு, வெளியே 8 பிட்டுகளாகவே பேசும். மலிவான துணைச் சில்லுகளை வைத்துக்கொள்வதற்கு அதுவே ஏற்றதாயிற்று. இயக்க நிரலை மைக்ரோசாப்ட் வழங்கியது. அதனைப் பிறருக்கு விற்கும் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. தாய்ப்பலகையில் ஐந்து செருகுவாய்கள் இருந்தன. அவற்றிற்குப் பலகை செய்ய விரும்புவோர்க்கு உதவியாகச் சுற்றுவரைபடங்கள் அடங்கிய நூல் ஒன்றையும் ஐ.பி.எம். விற்றது.

இதனை அந்நிறுவனத்தின் பெருந்தன்மை என்று சிலர் எழுதுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவசரமும் வணிகக் கணக்குமே காரணங்கள். பிறர் பலகைகள் செய்தால் தன் பொறி விற்கும். ஆனால் பொறியையே பிறர் செய்துவிட முடியாது என்று அது நம்பியது. அந்நம்பிக்கைக்கு ஆதாரமாக ஒரே ஒரு பூட்டு இருந்தது. பொறியை உயிர்ப்பித்து உறுப்புகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் சிறு நிரல் ஒன்று அழியாத நினைவகத்தில் பதிக்கப்பட்டிருந்தது. பயாஸ் என்பது அதன் பெயர். அதன் பதிப்புரிமை ஐ.பி.எம். நிறுவனத்துக்கே உரியது. அந்நிரல் முழுவதும் மேற்கூறிய நூலில் அச்சிடப்பட்டிருந்தது. இது பார்ப்பதற்குத் திறந்த கதவு; நடைமுறையில் அதுவே பொறி. நூலைப் படித்தவன் அதுபோன்ற நிரலை எழுதினால், பார்த்து எழுதினான் என்று வழக்குத் தொடுக்கலாம் அல்லவா?

பூட்டைத் திறந்தவர்கள் திருடவில்லை. வேறு சாவியைச் செய்தார்கள். 1982 பிப்பிரவரியில் ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் முர்ட்டோ என்னும் மூவர், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்திலிருந்து விலகி, ஹூஸ்டன் நகரில் காம்பாக் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் கையாண்ட முறை இது: ஒரு குழுவினர் ஐ.பி.எம். நிரலைப் படித்து, அது எந்தக் கேள்விக்கு எந்த விடை தருகிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தனர். அந்நிரலைக் கண்ணாலும் பார்த்திராத மற்றொரு குழுவினர், அக்குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக ஒரு நிரலை எழுதினர். வினாத்தாளை மட்டும் கொடுத்து, விடைத்தாளைக் காட்டாமல் தேர்வு எழுதச் சொல்வதை ஒத்தது இம்முறை. இதற்குச் செலவு ஏறத்தாழ 10 இலட்சம் டாலர். 1983இல் விற்பனைக்கு வந்த காம்பாக் பொறி, கையில் தூக்கிச் செல்லத்தக்கது என்று விளம்பரம் செய்யப்பட்டது. எடையோ 28 பவுண்டு! தூக்கியவர்கள் தோள் வலித்தாலும் வாங்கினார்கள். முதலாண்டு விற்பனை 11 கோடி டாலரைத் தாண்டியது.

இம்முறையைக் கையாளாமல் பயாஸ் நிரலைப் படியெடுத்தனர் என்று கொரோனா, ஈகிள் ஆகிய நிறுவனங்கள் மீது 1984இல் ஐ.பி.எம். வழக்குத் தொடுத்தது, அவை அந்நிரலைக் கைவிட நேர்ந்தது. அதே ஆண்டில் பீனிக்ஸ் என்னும் நிறுவனம், இருகுழு முறையால் தான் எழுதிய பயாஸ் நிரலை எவருக்கும் விலைக்குக் கொடுக்க முன்வந்தது. இவ்வொரு செயலே வெள்ளத்தைத் திறந்துவிட்டது. தைவான் நாட்டுச் சிறு தொழிற்சாலைகளும் பொருந்தும் தாய்ப்பலகைகளைச் செய்யத் தொடங்கின. ஒரு பொறி உண்மையிலேயே பொருந்துமா என்பதைச் சோதிக்க அந்நாள் மக்கள் ஓர் எளிய வழியை வைத்திருந்தனர்: லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கேட்டு நிரலையும், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வானூர்தி ஓட்டும் விளையாட்டு நிரலையும் அதில் ஓட்டிப் பார்த்தனர். இவ்விரண்டும் இயக்க நிரலைக் கலக்காமல் உறுப்புகளை நேரடியாகத் தொடும் இயல்புடையவை. ஆகவே விற்பவர் சொல்லை நம்பாமல், கடினமான நிரலை ஓட்டிப் பார்த்தே தெளிந்தனர்.

இழந்த பிடியை மீண்டும் பெற ஐ.பி.எம். முயன்றது. 1987 ஏப்பிரலில் பி.எஸ்.2 என்னும் புதிய வரிசையை வெளியிட்டு, அதில் மைக்ரோ சானல் என்ற புதிய செருகுவாயை வைத்தது. பழைய பலகைகள் அதில் நுழையா. அவ்வாயைப் பயன்படுத்த விரும்பும் பிறர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். அமைப்பு என்ற அளவில் அது பழையதைக் காட்டிலும் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மக்கள் கையிலிருந்த பலகைகளை அது குப்பையாக்கியது. 1988 செப்டம்பரில் காம்பாக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் கூடி, இ.ஐ.எஸ்.ஏ. என்ற மாற்று அமைப்பை அறிவித்தன. அதன் செருகுவாயில் தொடர்புகள் இரண்டு அடுக்குகளாக இருக்கும். பழைய பலகை மேலடுக்கோடு நின்றுவிடும். புதிய பலகை கீழடுக்குவரை இறங்கும். பழைய உறுப்பை வைத்திருக்கும் ஏழையையும் மதித்த வடிவமைப்பு என்று இதனைப் போற்றலாம். அதுவும் விலை மிகுதியால் நெடுநாள் நிலைக்கவில்லை என்றாலும், பொருத்தத்தைத் தனியொருவர் கட்டளையிட முடியாது என்பது அன்றே உறுதியாயிற்று.

செருகுவாய் ஒத்திருந்தும் உள்ளே பூசல் ஓயவில்லை. ஒவ்வொரு பலகையும் செயலியின் கவனத்தை ஈர்க்கத் தனக்கென ஓர் அழைப்புக் கம்பியை வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஐ.பி.எம். பொறியில் இவ்வழைப்புகள் 8; 1984இல் வந்த ஏ.டி. பொறியில் 16. சுண்டெலி என்று நாம் அழைக்கும் சுட்டியை முதல் தொடர்வாயிலும், தொலைபேசி வழிச் செய்தி அனுப்பும் மோடத்தை மூன்றாம் தொடர்வாயிலும் இணைத்தால், இரண்டும் நான்காம் எண் அழைப்பையே எதிர்பார்த்தன. மோடம் பேசத் தொடங்கியதும் சுண்டெலி மயங்கி நின்றுவிடும். பலகையின் மேலிருக்கும் ஜம்பர் என்ற சிறு தொப்பிகளைக் கழற்றி மாற்றி, எந்த எண் ஓய்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். 1992இல் இன்ட்டெல் வெளியிட்ட பி.சி.ஐ. அமைப்புதான், பலகையே தன் தேவையைச் சொல்ல, பொறியே எண்ணை வகுத்துக் கொடுக்கும் வழியைப் பரவலாக்கியது.

மின்சாரத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். பழைய பொறிகளில் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து தாய்ப்பலகைக்கு இரண்டு இணைப்பிகள் வந்தன. பெயர் பி 8, பி 9. இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். இடம் மாற்றிச் செருகினாலும் செருகிக்கொள்ளும். விசையை அழுத்தியதும் பலகை அழியும். கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று அடுத்திருக்க வேண்டும் என்பதே அந்நாள் பாடம். நான் பணியாற்றிய பள்ளியொன்றில், 1996இல் நன்கொடையாக வந்த பழைய பொறியை நிறுவ வந்த ஒருவர் இப்பாடத்தை மறந்துவிட்டார். மெல்லிய புகை எழுந்தது. மாணவர்கள் ஒரு திங்களாக எதிர்பார்த்திருந்த பொறி அரை நிமிடத்தில் முடிந்தது. அம்மனிதரை நான் கடிந்துகொள்ளவில்லை. தவறாகச் செருக இடங்கொடுக்கும் இணைப்பியை வடிவமைத்தவரே முதற்குற்றவாளி என்பது என் கருத்து. 1995இல் இன்ட்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வரையறை அக்குற்றத்தை நீக்கியது. 20 கால்களைக் கொண்ட ஒரே இணைப்பி. மாற்றிச் செருக முடியாத வடிவம். பின்னர் அது 24 கால்களாயிற்று. பலகையின் அளவையும் திருகாணித் துளைகளின் இடத்தையும்கூட அவ்வரையறை வகுத்துவிட்டது. அதன் சிறிய வடிவமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகை 244 மில்லிமீட்டர்ச் சதுரம், ஏ.டி.எக்ஸ். பெட்டியிலும் அது தாராளமாக அமரும். சிக்கனம் கருதுவோர் பெரும்பாலும் இதனையே வாங்குகின்றனர்.

நம் நாட்டில் 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணிப்பொறிக் கொள்கை, பொறிகளுக்கும் உறுப்புகளுக்குமான இறக்குமதித் தடைகளைத் தளர்த்தியது. அதன் பின்னர்ச் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், வானொலி உறுப்புகள் விற்ற கடைகளிடையே தாய்ப்பலகைகளும் இடம்பெற்றன. பெருநிறுவனப் பொறியை வாங்க இயலாதவர்கள் ‘அசெம்பிள்டு கம்ப்யூட்டர்’ என்ற பெயரில் அங்கே பொறி கட்டிக்கொண்டனர். ஹூஸ்டனில் இரண்டு குழுக்கள் தனித்தனி அறையில் அமர்ந்து எழுதியதன் பயனை, சிந்தாதிரிப்பேட்டையை அடுத்த ஒரு சந்தில் நம் இளைஞர் துய்த்தனர் என்பது எண்ணிப் பார்க்க இனிக்கிறது.

செயலியின் குழியைப் பற்றி இனிக் கூற வேண்டும். இன்று பணம் மிகுதியாக இழக்கப்படும் இடம் அதுவே. 1990களின் இடையில் சாக்கெட் 7 என்றொரு குழி இருந்தது. இன்ட்டெல் பென்டியமும், ஏ.எம்.டி. நிறுவனத்தின் கே 6 செயலியும், சைரிக்ஸ் செயலியும் அதே குழியில் அமர்ந்தன. வாங்குபவனுக்கு அது பொற்காலம். 1997இல் பென்டியம் 2 செயலியோடு இன்ட்டெல் தனக்கே உரிய ஸ்லாட் 1 என்ற வாய்க்கு மாறியது. 1999இல் ஏ.எம்.டி. தன் அத்லான் செயலிக்கு ஸ்லாட் ஏ என்ற வாயை வைத்தது. வேடிக்கை என்னவெனில், இரண்டும் உருவத்தால் ஒரே இணைப்பி, திசைதான் திரும்பியிருக்கும். ஆனால் மின்னமைப்பு முற்றிலும் வேறு. அன்றுமுதல் இரு குடும்பங்களுக்கும் கொள்வினை கொடுப்பினை அற்றுப்போயிற்று.

ஒரே குடும்பத்துக்குள்ளும் பொருத்தம் பார்க்க வேண்டிய நிலை பின்னர் வந்தது. 2015இல் இன்ட்டெல் எல்.ஜி.ஏ. 1151 என்ற குழியை அறிமுகப்படுத்தியது. 1151 என்பது தொடர்புகளின் எண்ணிக்கை. 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறைச் செயலிகள் வெளிவந்தன. குழியின் பெயரும் எண்ணிக்கையும் அதே 1151. எனினும் முந்தைய 100, 200 வரிசைத் தாய்ப்பலகைகளில் அவை இயங்கா என்று அறிவிக்கப்பட்டது. புதிய 300 வரிசைப் பலகையையே வாங்க வேண்டியதாயிற்று. பழைய பலகையை மலிவாக வாங்கிப் புதிய செயலியை அதில் வைத்தவர்கள் இருட்டுத் திரையைக் கண்டனர். 6501இன் கதையை நினைவில் வைத்திருப்பவர், எண்ணை மட்டும் பார்த்து வாங்கமாட்டார். பலகை செய்த நிறுவனம் தன் தளத்தில் வெளியிடும் செயலிப் பட்டியலில் தாம் விரும்பும் செயலியின் பெயர் முழுமையாக இருக்கிறதா என்று தேடுவார்.

பெயரின் இறுதியில் நிற்கும் எழுத்தையும் விடாமல் படிக்க வேண்டும். இன்ட்டெல் செயலியின் எண்ணை அடுத்து எஃப் என்னும் எழுத்து நின்றால், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி அச்செயலிக்குள் இல்லை என்பது பொருள். தனியே ஒரு படப்பலகை வாங்கியாக வேண்டும். எஃப் உள்ளது சற்று மலிவு என்பதற்காக அதனை வாங்கிவிட்டு, பின்னர் அம்மலிவைப் போல் பன்மடங்கு செலவழிப்போரைக் காண்கிறோம்.

நினைவகத்தில் வடிவமைப்பாளர்கள் நமக்கு ஓர் உதவி செய்திருக்கிறார்கள். 2007இல் வந்த டி.டி.ஆர். 3 பலகைக்கு 240 தொடர்புகள். 2014இல் வந்த டி.டி.ஆர். 4 பலகைக்கு 288. அதற்கு அடுத்த டி.டி.ஆர். 5 பலகைக்கும் 288. மூன்றிலும் அடிப்புறத்து வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் வாயில் மற்றொன்று இறங்காது. இறங்கவில்லையே என்று கட்டைவிரலால் அழுத்துவதைத்தான் தவிர்க்க வேண்டும். பழைய 30 கால் நினைவகப் பலகைகளின் காலத்தில், 386, 486 போன்ற 32 பிட்டுச் செயலிக்கு நான்கு நான்காகவே அவற்றை வைக்க வேண்டியிருந்தது. மூன்று வைத்தால் பொறி எழாது. இன்று ஒன்றே போதும். இரண்டாக வைத்தால் வேகம் கூடும். முதலில் ஒன்றை வாங்கி, பணம் சேர்ந்தபின் இணையான மற்றொன்றை வாங்கலாம். அதற்கு இரண்டு வாய்களேனும் உள்ள பலகையாகத் தேர்ந்தெடுப்பது நலம்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் மட்டும் சிக்கனம் பாராட்ட வேண்டா என்பேன். முதல் ஐ.பி.எம். பொறியின் பெட்டி 63.5 வாட்டு மட்டுமே தந்தது. நிலைவட்டு சேர்ந்த எக்ஸ்.டி. பொறிக்கு 1983இல் 130 வாட்டு வைத்தார்கள். உறுப்பு ஒன்றைச் சேர்க்கும்போது மின்சாரக் கணக்கையும் திருத்தியாக வேண்டும் என்பதை அப்போதே அறிந்திருந்தனர். நம் கடைகளில் கிடைக்கும் மிக மலிவான பெட்டிகளின்மேல் 450 வாட்டு என்று ஒட்டியிருக்கும். ஒட்டிய தாள் மின்சாரம் தருவதில்லை. 12 வோல்ட்டு வரியில் எத்தனை ஆம்பியர் என்று பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். அந்த ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்கினால் செயலிக்கும் படப்பலகைக்கும் அப்பெட்டி தருவதாக ஒப்புக்கொள்ளும் வாட்டு விளங்கும். பெருக்கல் வாய்பாடு வாழ்க்கையில் எங்கே பயன்படும் என்று கேட்கும் மாணவனுக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது.

எஞ்சியிருப்பது பயாஸ். காம்பாக் நிறுவனத்தார் 10 இலட்சம் டாலர் செலவிட்டுத் திறந்த அதே பூட்டு, இன்று வேறு உருவில் மாணவனின் முன் நிற்கிறது. ஏ.எம்.டி. நிறுவனம் 2016இல் ஏ.எம். 4 என்ற குழியைக் கொண்டுவந்து, பல ஆண்டுகள் அதனை மாற்றாமல் வைத்திருந்தது. பாராட்டத்தக்க செயல் அது. ஆயினும் பலகை பழையதாகவும் செயலி புதியதாகவும் இருந்தால், பலகையில் பதித்த பயாஸ் அச்செயலியை இன்னதென்று அறியாது. புதிய பயாஸைப் பதித்தால் அறியும். பதிப்பதற்கோ பொறி எழ வேண்டும். பொறி எழுவதற்கோ பலகை அறிந்த செயலி வேண்டும்! 2018இல் இவ்வாறு சிக்கிக்கொண்டவர்களுக்கு ஏ.எம்.டி. நிறுவனமே பழைய செயலி ஒன்றைச் சில நாட்களுக்குக் கடனாக அனுப்பியது. அதனை வைத்துப் புதிய பயாஸைப் பதித்துவிட்டுக் கடனைத் திருப்பித் தர வேண்டும். பின்னர் வந்த பலகைகள் சிலவற்றின் பின்புறத்தில், செயலியே இல்லாமல் ஒரு விரலியிலிருந்து பயாஸைப் பதித்துக்கொள்ளும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அப்பொத்தான் உள்ள பலகையாகப் பார்த்து வாங்கலாம். விலை சற்றுக் குறைந்த, பொத்தான் இல்லாத பலகையை வாங்குவதானால், பணத்தைக் கொடுப்பதற்கு முன்னரே கடைக்காரரிடம் சொல்லி, அவரிடமுள்ள செயலியை வைத்துப் புதிய பயாஸைப் பதித்து, உங்கள் செயலியைக் குழியில் இட்டு, திரையில் எழுத்துத் தோன்றுவதைக் கண்ணால் கண்ட பின்னர்ப் பெட்டியைக் கட்டச் சொல்லுங்கள்.